லாரிக்கு பாடி கட்டும் ஊரில் வயலினுக்கு பாடி கட்ட ஆள் இல்லையாம்!

நாமக்கல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். எலும்புக்கூடு மாதிரி வெறும் சேஸிஸாக ஒரு லாரி உள்ளே போகும். சில வாரம் கழித்து கேபின், பலகை, பெயின்ட், பின்னால் ஒரு தத்துவம், திருஷ்டிக்கு ஒரு பொம்மை எல்லாம் சேர்ந்து மாப்பிள்ளை மாதிரி வெளியே வரும். வெளி மாநிலத்துக்காரர்கள் கூட இங்கே வந்து பாடி கட்டிக்கொண்டு போகிறார்கள். பக்கத்துத் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக். தண்ணிக்கு நாக்கைத் தொங்கப்போடும் ஒரு ஊர், இந்தியா முழுக்கவும் ஆப்பிரிக்கா வரைக்கும் தண்ணி தோண்டுகிற வண்டியை அனுப்புகிறது. சேலத்தில் வெள்ளிக் கொலுசு. கண்ணுக்கே தெரியாத வளையத்தை ஊதுகுழல் நெருப்பில் பற்றவைக்கிற கைகள்.

இப்படிப்பட்ட ஊரில் போய், ஒரு எலெக்ட்ரிக் வயலின் செய்து தர முடியுமா என்று கேளுங்கள். "அதெல்லாம் ஃபாரின்ல இருந்து வரணும் தம்பி" என்பார்கள். சங்கீதம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். "கரண்ட்ல வாசிக்கிறதெல்லாம் வயலினா?" என்பார்கள். பட்டறைக்காரர் தன்னால் முடியாது என்கிறார், பாட்டு வாத்தியார் தேவையே இல்லை என்கிறார். ரெண்டு பேர் சொல்வதும் தப்பு. ஏன் தப்பு என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில், "நம்ம மரபு இல்லை" கோஷ்டிக்கு

வயலினே நம்ம வாத்தியம் கிடையாது மக்களே! இருநூறு வருஷத்துக்கு முன்னால் சென்னைக் கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்கள் வாசித்த வாத்தியத்தை, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் செய்த வயலினைப் பரிசாகக் கொடுத்தார். அன்றைக்கு யாராவது "இது மிலேச்ச வாத்தியம்" என்று தடுத்து ஜெயித்திருந்தால், இன்றைக்குப் பக்கவாத்தியம் என்று மேடையில் என்ன இருக்கும்?

அடுத்து மைசூர் சௌடையா. மைக் இல்லாத காலம். பெரிய கூட்டத்தில் கடைசி வரிசைக்கு வயலின் கேட்கவில்லை. மனிதர் என்ன செய்தார்? நாலு தந்தி வயலினை ஏழு தந்தி வயலினாக மாற்றினார். காரணம் ஒன்றே ஒன்றுதான்: சத்தம் போதவில்லை. அதாவது எலெக்ட்ரிக் வயலின் தீர்க்க நினைக்கும் அதே பிரச்சினையை, கரண்ட் இல்லாமல் தந்தியைக் கூட்டித் தீர்க்கப் பார்த்தார். அவர் பெயரில் பெங்களூரில் வயலின் வடிவத்திலேயே ஒரு அரங்கம் கட்டி வைத்திருக்கிறார்கள். அவர் செய்தது புதுமை, இன்றைக்கு ஒரு பையன் பிக்கப் வைத்தால் மட்டும் அபசாரமா?

அபசாரம் என்று சொன்னவர்கள் எத்தனை தடவை தோற்றிருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கு உண்டு. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. தடை விலக 1971 ஆயிற்று. முப்பத்தொரு வருஷம்! அதனால் ஆர்மோனியம் செத்தா போயிற்று? எலெக்ட்ரிக் மாண்டலினைத் தூக்கிக்கொண்டு ஆந்திரத்துப் பாலகொல்லுவிலிருந்து ஒரு சின்னப் பையன் வந்தபோதும் இதே முணுமுணுப்புதான். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி இருந்த வாத்தியத்தை ஒற்றைத் தந்திகளாக மாற்றி, கடைசியில் ஐந்து தந்தியோடு நிறுத்தி, கமகம் பேச வைத்தார் யு.ஸ்ரீநிவாஸ். 1998இல் பத்மஸ்ரீ. 2014இல் நாற்பத்தைந்து வயதில் அவர் போனபோது, "அது கர்நாடக வாத்தியம் இல்லை" என்று சொல்ல ஒரு ஆள் மிச்சமில்லை.

இன்னொரு கூத்து. இன்றைக்குக் கச்சேரியில் பாருங்கள். வயலின்மேல் ஒரு சின்னக் கருப்பு வஸ்து ஒட்டியிருக்கும். அதுதான் கான்டாக்ட் மைக். அதிலிருந்து ஒயர், ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர். ஆக, மேடை வயலின் ஏற்கெனவே பாதி எலெக்ட்ரிக். மீதிப் பாதியில் மட்டும் மரபு ஒளிந்திருக்கிறது என்பது ஜல்லியடிப்பது.

அந்தப் பாதியில் என்ன சிக்கல்?

சாதா வயலின் ஒரு கூடான பெட்டி. தந்தியின் அதிர்வை பிரிட்ஜ் வழியாக வாங்கி, மேல்பலகை காற்றை அசைக்கிறது. அதுதான் அதன் அழகு. மேடையில் அதுவே வினை. ஸ்பீக்கரில் வரும் சத்தத்தையும் அந்தப் பெட்டி வாங்கிக்கொள்ளும். அது மறுபடி மைக்குக்குப் போகும், மறுபடி ஸ்பீக்கருக்கு வரும். விளைவு, கோயில் திருவிழாவில் எல்லோரும் காதைப் பொத்துகிற அந்த "ஊஊஊ". உடனே மைக்செட்காரர் செய்வது வயலின் சத்தத்தைக் குறைப்பது. மிருதங்கம், கடம் எல்லாம் ஜாம் ஜாம் என்று கேட்கும். வயலின்காரர் கை மட்டும் ஆடும்.

மெல்லிசைக் குழுக்களில் கதை இன்னும் மோசம். அங்கே வயலின் இருந்த இடத்தில் கீபோர்டு வந்து உட்கார்ந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் இருபது வயலின். ஊளையும் இல்லை, சம்பளமும் இல்லை. கீபோர்டு நன்றாக வாசித்தது மட்டும் அதற்குக் காரணம் இல்லை. லைனில் சொருகினால் கேட்கும், அதுதான் முக்கியக் காரணம். வயலினைச் சொருக முடியவில்லை. சொருக முடியாத வாத்தியக்காரனுக்கு மேடையில் இடம் போயிற்று.

இது மேடைக்காரர்கள் பிரச்சினை மட்டும் இல்லை. சேலத்திலும், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்திலும் வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடும் குடும்பங்கள் எத்தனை! சுவருக்கு அந்தப் பக்கம் தறி, இந்தப் பக்கம் பிள்ளை. சேலத்து அரசு இசைப்பள்ளியில் வயலின் சொல்லித்தருகிறார்கள். அங்கே கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குத் தறி வீட்டில் தன் வயலினே தனக்குக் கேட்காது. சுருதி சேர்ந்ததா, விலகியதா என்று எப்படித் தெரியும்? தறி நிற்கும் ராத்திரியில் வாசித்தால் லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஹெட்போன் போட்டுக்கொண்டு வாசிக்கிற வயலினை யமஹா 1997இலேயே கொண்டுவந்துவிட்டது. அது யாருக்குத் தேவையோ அவர்கள் வாங்கும் விலையில் இல்லை. அவ்வளவுதான்.

சரி, அதற்குள்ளே என்னதான் இருக்கிறது?

இங்கேதான் "ஃபாரின் சமாச்சாரம்" என்ற பூச்சாண்டி. பிரித்துப் பார்ப்போம்.

உடல்: கெட்டியான மரத்துண்டு. பெட்டி தேவையில்லை என்பதால் ஐரோப்பிய ஸ்ப்ரூஸ், மேப்பிள் மரம் கட்டாயம் இல்லை. நன்கு காய்ந்த, முறுக்காத மரமாக இருந்தால் போதும்.

கழுத்தும் விரல்பலகையும்: கடினமான மரம், நேரான இழை. தென்னிந்திய ஈட்டி மரத்தை உலகத்துக் கிட்டார் கம்பெனிகள் விரல்பலகைக்கு வாங்குகின்றன. இந்தியாவிலிருந்து வந்த அந்தப் பலகைகளுக்காக 2011இல் கிப்சன் தொழிற்சாலையில் அமெரிக்க அதிகாரிகள் ரெய்டே நடத்தினார்கள். நம் மரத்துக்காக அங்கே சண்டை, இங்கே அந்த மரம் கட்டில் கால்!

பிக்கப்: வயலினுக்குப் பெரும்பாலும் பியஸோ. அழுத்தினால் கொஞ்சூண்டு மின்சாரம் தரும் தகடு. அடுப்பு பற்றவைக்கிற லைட்டரில் 'டிக்' என்று பொறி பறக்கிறதே, அதே தத்துவம். அதை பிரிட்ஜில் வைத்தால் தந்தியின் அதிர்வு மின்சாரமாக மாறும். பஸ்ஸரில் இருக்கும் வட்டத் தகடு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும், பழகிப் பார்க்க அது போதும். ஒரு சூட்சுமம் உண்டு. பியஸோவை நேராக ஆம்ப்ளிபயரில் சொருகினால் கீழ்ஸ்தாயி காணாமல் போய் தகர டப்பா மாதிரி கேட்கும். நடுவில் பத்து லட்சம் ஓம் அளவுக்கு உள்ளீட்டுத் தடை உள்ள ஒரு குட்டி ப்ரீஆம்ப் வேண்டும். ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு ஐ.சி., நாலைந்து உதிரிகள். ஈ.சி.ஈ. படிக்கும் பையனுக்கு ஒரு சாயங்கால வேலை.

மாண்டலின், கிட்டார் என்றால் காந்தப் பிக்கப். காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பி. மேலே இரும்புத் தந்தி ஆடினால் காயிலில் மின்சாரம். டைனமோவேதான். முடி போல மெல்லிய கம்பியைச் சில ஆயிரம் சுற்று சுற்ற வேண்டும். போர்வெல் மோட்டார் எரிந்தால் காயில் கட்டித்தரும் கடை இங்கே ஊருக்கு நாலு இருக்கிறது. கம்பி மெலிந்தால் கை நடுங்கிவிடுமா என்ன?

இதில் எது ராக்கெட்? சொல்லுங்கள்.

கணக்கு படித்தவர் செய்த வேலை

எலெக்ட்ரிக் வயலின் நேற்று வந்ததும் இல்லை. 1930களிலேயே அமெரிக்காவில் ஜாஸ் வயலின்காரர் ஸ்டஃப் ஸ்மித் வயலினுக்கு ஆம்ப்ளிபயர் மாட்டி வாசித்தார். ரிக்கன்பேக்கர் கம்பெனி அதே பத்தாண்டில் பேக்கலைட்டில் ஒரு மின்வயலின் செய்தது. 1958இல் ஃபெண்டரும் ஒன்றை இறக்கியது.

இந்த ஃபெண்டர் யார் தெரியுமா? கிட்டார் உலகின் பெரும்புள்ளி. ஆனால் லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது! அவர் படித்தது அக்கவுன்ட்ஸ். கொஞ்ச நாள் கணக்கு எழுதினார். பிறகு 1938இல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். அங்கே ஆம்ப்ளிபயர் ரிப்பேருக்கு வந்த வாத்தியக்காரர்கள் புலம்பியதைக் காது கொடுத்துக் கேட்டார். 1950இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டாரைப் பார்த்தால் நாமக்கல்காரர்களுக்குச் சிரிப்பு வரும். உடல் ஒரு பலகை. கழுத்தைப் பசை போட்டு ஒட்டவில்லை, நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டார். உடைந்தால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். லாரி பாடி கட்டுகிற புத்திதான் இது! வாத்தியம் செய்யும் பரம்பரையில் வந்தவர் யோசிக்காததை ரேடியோ கடைக்காரர் யோசித்தார். பி.காம். படிப்பவர்கள் இதைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம் :-)

இன்னொரு பக்கம் நம்மவர் கதை. எல்.சங்கர், சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். சக்தி குழுவில் ஜான் மெக்லாலினோடு உலகம் சுற்றியவர். வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் நாலின் ஸ்தாயியும் ஒரே வாத்தியத்தில் வரவேண்டும் என்று பத்துத் தந்தியோடு இரட்டைக் கழுத்து வயலினை வடிவமைத்தார். 1980இல் அதைச் செய்துகொடுத்தவர் கென் பார்க்கர் என்ற அமெரிக்கக் கிட்டார் தச்சர். யோசனை தமிழனுடையது, கை அமெரிக்கனுடையது. இங்கே கை இல்லாமல் இல்லை. அந்தக் கையிடம் போய்க் கேட்பவர் இல்லை.

"அதான் இறக்குமதி ஆகுதே, வாங்கிக்கலாமே?"

வாங்கலாம். வாங்கி எப்படி உட்கார்ந்து வாசிப்பீர்கள்?

வெள்ளைக்காரர் நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ, தாடைக்கும் தோளுக்கும் நடுவில் வயலினைப் பிடிக்கிறார். நம்மவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுருள் தலையைக் கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்துக்கொள்கிறார். அதனால்தான் இடதுகை தாராளமாக ஓடிக் கமகம் பிடிக்கிறது. வெளிநாட்டு எலெக்ட்ரிக் வயலின்களில் பல, தலையே இல்லாமல் வருகின்றன. முறுக்காணியைக் கீழ்ப்பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். கணுக்காலில் எதை ஊன்றுவது? சுருதியும் அப்படித்தான். பாடகர் ஒரு கட்டையா ஐந்து கட்டையா என்பதைப் பார்த்து நம்மவர் தந்தியைச் சேர்க்கிறார். ச-ப-ச-ப. அதற்குத் தகுந்த தந்திக் கனமும் பிரிட்ஜும் வேண்டும்.

வீணைக்கும் இதே கதை. வீணையின் கீழ்ஸ்தாயித் தந்திகள் பாரம்பரியமாகப் பித்தளை அல்லது வெண்கலம். அது காந்தப் பிக்கப்புக்கு மசியாது. கிட்டார் பிக்கப்பை வாங்கி வீணையில் ஒட்டினால் பாதித் தந்தி ஊமை. நம் வாத்தியத்துக்கு நாம்தான் யோசிக்க வேண்டும். யோசித்தவர்களும் இருக்கிறார்கள். பெங்களூர் ரேடல் நிறுவனத்தின் ஜி.ராஜ் நாராயண், புல்லாங்குழல் வாசிக்கத் தெரிந்த பொறியாளர். எலெக்ட்ரானிக் தம்புராவையும் டிஜிட்டல் வீணையையும் கொண்டுவந்தார். எலெக்ட்ரானிக் தம்புராவைப் பார்த்துச் சிரித்தவர்கள் வீட்டிலேயே இன்று அந்தப் பெட்டி ஓடுகிறது.

பட்டறைக்காரர்களுக்கும் சர்க்காருக்கும்

லாரி பாடியில் அரை அங்குலம் தப்பினால் ஆணி அடித்துச் சரிக்கட்டலாம். வயலினில் அது நடக்காது. தந்தி நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். பிரிட்ஜ்மேல் தந்திக்குத் தந்தி இடைவெளி சுமார் 11 மில்லிமீட்டர். பிரிட்ஜின் வளைவு கொஞ்சம் தட்டையானால் ஒரு தந்தியை வாசிக்கும்போது வில் பக்கத்துத் தந்தியையும் உரசும். உண்மைதான், நுணுக்கமான வேலை. ஆனால் ரிக் உதிரிகளை லேத்தில் கடைகிறவர்கள் மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து வேலை செய்கிறார்கள். கொலுசுக்காரர் அதைவிடச் சின்னதைக் கண்ணால் பார்க்கிறார். திறமை மூன்று தெருவில் பிரிந்து கிடக்கிறது. ஒரு மேஜைக்கு வரவில்லை.

எல்லாவற்றையும் இங்கேயே செய்ய வேண்டும் என்ற வீம்பும் வேண்டாம். காஸ்டிங் புத்தகத்தில் 'மேக் ஆர் பை' என்று ஒரு பாடம் வருமே, அதுதான் இங்கே விடை. வில், தந்தி, முறுக்காணி மூன்றையும் வாங்கிக்கொள்ளலாம். உடல், கழுத்து, பிரிட்ஜ், பிக்கப், ப்ரீஆம்ப் இங்கே. லாரியிலும் இன்ஜினை நாமக்கல்லிலா செய்கிறார்கள்?

"சீனாக்காரன் விலைக்கு முடியுமா?" என்பது அடுத்த கேள்வி. சீனாவில் ஹுவாங்சியாவ் என்று ஒரு ஊர். விவசாய பூமி. ஷாங்காய் வயலின் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களை வைத்துச் சின்னப் பட்டறையாகத்தான் ஆரம்பம். இன்றைக்கு உலகத்துக்கே வயலின் அனுப்புகிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு சங்கீதப் பரம்பரை கிடையாது. ஒருவர் பலகை, ஒருவர் சுருள், ஒருவர் வார்னிஷ் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். திருச்செங்கோடு ரிக்கில் செய்ததும் அதுதானே? ஜப்பான்காரருக்கு இது புரிந்திருக்கிறது. யமஹா 2019இல் சென்னைக்குப் பக்கத்தில் தொழிற்சாலை போட்டுக் கீபோர்டும் கிட்டாரும் செய்கிறது. தமிழன் கையை நம்ப ஜப்பான்காரர் வரவேண்டியிருக்கிறது.

சர்க்கார் பங்குக்கும் ஒரு வார்த்தை. வரிப் பட்டியலில் தந்தி வாத்தியம் 9202, கரண்டால் ஒலி பெருக்கியே ஆகவேண்டிய வாத்தியம் 9207. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்யும் நாட்டு வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். சந்தோஷம். மற்ற வாத்தியங்களுக்கு முதலில் 28 சதவீதம், அந்த வருஷம் நவம்பரில் 18. எலெக்ட்ரிக் கிட்டார் மாதிரிப் பலகை உடம்போடு ஒரு வீணையைத் தஞ்சாவூர்த் தச்சர் அதே உளியால் செய்தாலும் அவர் பட்டியலில் வேறு தலைப்புக்குப் போய்விடுகிறார். 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கொடுத்துப் பெருமைப்பட்டோம். குறியீடு பழைய வடிவத்தைக் காக்கும். புதிய வடிவத்துக்கு வழி செய்யாது. மரபைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் அடுத்த தலைமுறைத் தச்சர் பிள்ளை டெலிவரி வேலைக்குத்தான் போவான்.

ஒரு விஷயத்தை மறைக்க வேண்டாம். நல்ல மர வயலினின் நாதம் பலகை வயலினில் வராது. சின்ன சபையில், மைக் இல்லாமல், நாலடி தூரத்தில் கேட்கும் சுகம் வேறு. அதை யாரும் பிடுங்கப் போவதில்லை. வீட்டில் சைக்கிள் இருப்பதால் பஸ் வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? திருவிழா மேடைக்கு ஒன்று, தறி வீட்டுச் சாதகத்துக்கு ஒன்று, சபைக்கு ஒன்று.

செய்ய வேண்டியது பெரிய மாநாடு இல்லை. ஒரு வயலின் வாத்தியார், ஒரு பாடி பில்டிங் தச்சர், ஒரு காயில் கட்டுபவர், ஒரு எலெக்ட்ரானிக்ஸ் மாணவர், கணக்கு எழுத ஒரு பி.காம். ஐந்து பேர், முதலில் பத்து வயலின். முதல் மூன்று கேவலமாகத்தான் இருக்கும். வாத்தியார் வாசித்துப் பார்த்து முகம் சுளிப்பார். எங்கே சுளித்தார் என்று குறித்துக்கொண்டு நாலாவதைத் திருத்தலாம். லியோ ஃபெண்டர் செய்ததும் அதுவேதான்.

நாமக்கல் தச்சர் வயலினைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை. அவரிடம் இதுவரை யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. கொடுத்துப் பாருங்கள், அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வருவார்.